ஐந்தாம் விளம்பரம்

நான்காம் விளம்பரத்துக்கு
ஒரே ஒரு அழைப்பு வந்தது.
டண்டீயிலிருந்து ஒரு பெண். பதினோரு வருட அனுபவம்.
புண் கட்டத் தெரியும், மாத்திரை பிரிக்கத் தெரியும்,
படுத்தவரைத் தூக்கும் எந்திரத்துக்குச் சான்றிதழ் உண்டு.
மேசைக்கடியில் என் கால் தானாக ஆடத் தொடங்கியது.

சம்பளம் சொன்னேன். சரி என்றாள்.
காற்று என்றேன். பரவாயில்லை என்றாள்.
ஜனவரியில் கப்பல் ஐந்தாறு நாள் வராமல் போகும் என்றேன்.
புத்தகம் படிப்பேன் என்றாள்.
பிறகு கேட்டாள்:
தங்க வீடு?

சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
விரிகுடாவைச் சுற்றி முப்பத்திரண்டு வீடுகள்.
இருபத்தொன்றின் வாசலில்
எண் அழுத்தித் திறக்கும் சாவிப்பெட்டி.
ஜூலையில் எல்லாவற்றிலும் விளக்கெரியும்.
பிப்ரவரியில்
எந்த வீட்டுக் குழாய் உறைந்து வெடித்ததென்று
எனக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
அவளும் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள்.
இருவரும் நாகரிகமானவர்கள்.

*

கவுன்சிலிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
இன்னும் பத்தாண்டில் உங்கள் ஊழியருக்கு
என்னென்ன திறன்கள் தேவைப்படும்?
பொருந்தும் கட்டத்தில் குறியிடவும்.

தரவு கையாளுதல். தொலைமருத்துவம்.
உணரிப் பாய் பராமரிப்பு.
குறியிடுகிறேன். தேவைதான், பொய்யில்லை.
ஏழாம் அறை மோராக்கின் பாதம்
தரையில் பட்டதும்
என் இடுப்பில் மணியடிக்கிறது.
மணி கேட்டு ஓட இரண்டு கால் வேண்டுமே,
அதற்குக் கட்டம் இல்லை.

மோராக்
முப்பத்தாறு வருடம் ஆங்கிலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்.
போன இலையுதிர்காலத்தில்
தன் நிறுத்தம் வந்துவிட்ட பயணிபோல
ஆங்கிலம் அவளிடமிருந்து இறங்கிப் போயிற்று.
மிச்சம் இருப்பது
பள்ளிக்கு முந்தைய கேலிக் மட்டும்.

கிளாஸ்கோ ஏஜென்சி அனுப்பிய பையன், நல்ல பையன்,
குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனான்:
"இரவு முழுக்க உளறினார்."
தண்ணீர் கேட்டிருக்கிறாள்.

ருவிம்போ ஹராரேக்காரி. இரவுப்பணி.
மணிக்கட்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்:
ஊஷ்க்ய, தண்ணீர்.
ஃபுவர், குளிர்.
பியன், வலி.
கை கழுவிக் கழுவி முதலில் அழிவது வலிதான்.
மறுபடி எழுதுகிறாள்.
மார்ச்சில் அவள் விசா முடிகிறது.
காகிதம் யாருடைய மேசையிலோ இருக்கிறதாம்,
எந்த மேசை என்று கேட்டால்
இசை போட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

நானோ இந்தத் தீவில் பிறந்தவள்.
என் கேலிக்
நாயை அதட்டும் அளவுக்குத்தான்.
எனக்கு ஐம்பத்தெட்டு. பேசாமல் கணக்குப் போட்டால்
ஏழாம் அறை காலியாகும்போது
அதற்கு மனுப்போட வேண்டியவள் நான்.
அன்றைக்கு எனக்கு எந்த மொழி மிஞ்சும்?
"உட்கார், வெளியே போ, அதை விடு."

படிவத்தின் கடைசியில் "பிற" என்றொரு கோடு.
விரல் நீளம்கூட இல்லை.
"வீடு" என்று எழுதினேன்.
அது திறன் அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.

*

இரவு மூன்று மணி. ஆளில்லாத பணிநேரத்தில்
நானே உட்கார்ந்து ஐந்தாம் விளம்பரம் எழுதுகிறேன்.

"துடிப்பான குழுவில் இணைய" என்பதை அடித்தேன்.
குழு நாங்கள் ஐவர், அதில் இருவருக்கு முதுகுவலி.
"சவால்களை விரும்புபவர்" அடித்தேன்.
யாரும் விரும்புவதில்லை, வருகிறது, பார்க்கிறோம்.

தேவை: பராமரிப்பு ஊழியர்.
ஓட்டுநர் உரிமம் அவசியம்.
டேப்லெட் பழக்கம் இருந்தால் நல்லது,
இல்லாவிட்டால் மழைநாளில் கற்கலாம், மழைநாள் நிறைய.
மூன்று சொற்கள் ருவிம்போ கற்றுத்தருவாள்,
மார்ச்சுக்குள் வந்தால்.
தங்குவதற்கு என் வீட்டுப் பின்னறை.
கணப்பு வேலை செய்யும். கடல் தெரியாது,
தெரிந்திருந்தால் அதுவும் சாவிப்பெட்டி மாட்டியிருக்கும்.
நாய் கடிக்காது.

ஒருமுறை படித்துப் பார்த்தேன்.
கடைசி வரியில் கை நின்றது.
"இதுவரை ஒருவரைத்தான்" என்று திருத்தி
அனுப்பிவிட்டேன்.